நாலாவது விதி

முதலில் இரைச்சல்தான் கேட்டது. நாற்பது பிள்ளைகள் ஒரே வரியை ஒரே ராகத்தில் கத்தினால் எழுமே, அந்த இரைச்சல். விடுதிச் சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த சொர்ணக்கிளிக்கு அது பழகிப்போனது. திடீரென்று நின்றதும்தான் நிமிர்ந்தாள்.

தாளாளர் வைரவசுந்தரம் வாசலில் நின்றார். பின்னால் மொத்த விடுதியும்.

"பிள்ளைகளைப் புத்தகத்தை மூடச் சொன்னது நீதானா?"

"ஆமாங்கய்யா. மூடிட்டு, படிச்சதை எனக்குச் சொல்லச் சொன்னேன். வராத இடத்தை மட்டும் திறந்து பாத்துக்கிட்டா போதுமே."

"கரண்டி பிடிக்கிறவ எனக்கே பாடம் நடத்துறியா? நூறு தடவை பார்த்துப் படிச்சா தானா ஏறும். இல்லைன்னு இப்பவே நிரூபி. முடியலைன்னா பெட்டியைக் கட்டு."

சொர்ணக்கிளி கையைத் துடைத்தாள். "பன்னெண்டு வருசமா தினமும் பிரார்த்தனையில விடுதியோட பத்து விதியைத் தாள்ல பாத்து வாசிக்கிறீங்களே, தாளைப் பாக்காம ஒரு தடவை சொல்லுங்கய்யா."

"இதென்ன பிரமாதம்" என்று செருமினார். மூன்று விதிகள் மிடுக்காக வந்தன. நாலாவதுக்கு விட்டத்தைப் பார்த்தார், சாம்பார் அண்டாவைப் பார்த்தார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"நாலாவது, 'படித்ததை மறவாதே'ங்கய்யா" என்ற சொர்ணக்கிளி, மிச்ச ஆறையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். "நான் அந்தத் தாளைப் பாத்ததே இல்லை. காதுல விழுந்ததை, வேலைக்கு நடுவுல எனக்கு நானே சொல்லிப் பாத்துக்குவேன்."

தாளாளர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "இங்க என்ன வேடிக்கை? போய்ப் புத்தகத்தை மூடிப் படிங்க."

அவர் போனதும் சொர்ணக்கிளி உட்கார்ந்து அடுத்த பூண்டை எடுத்தாள்.