பல்லக்கு சாய்ந்த கதை

தோள்வலிக்குத் தைலம் தேய்க்க நேரமில்லாத ஒரு காலத்தில், கடலோர நாடொன்றில், மாசானம் என்று ஒரு பல்லக்குத் தூக்கி இருந்தான். மற்ற மூவரும் நெட்டை; அவன் குட்டை. தோளில் துணியை மடித்து வைத்து உயரத்தைச் சரிக்கட்டிக்கொள்வான்.

அந்நாட்டு அரசருக்கு ஓர் ஆசை வந்தது. மலைநாடு, ஆற்றுநாடு, தம் நாடு மூன்றுக்கும் ஒரே காசு! மற்ற இரு நாடுகளும் சம்மதிக்க, புதுக்காசு அடித்தார்கள். வணிகர்களுக்குக் கொண்டாட்டம், எல்லையில் காசு மாற்றும் செலவு மிச்சம்.

மறுவருஷம் மலைநாட்டாருக்கு வேறெங்கோ உப்பு மலிவாகக் கிடைத்தது. அரசரின் உப்பளத்தில் வாரிய உப்பு குவிந்து கிடந்தது. வாரியவர்களுக்குக் கூலி இல்லை.

அரசவை விகடன் நல்லகுற்றாலம் உப்பளத்தில் கால் வெடித்து வளர்ந்தவன். “காசுதான் காரணம், மகாராஜா” என்றான்.

மந்திரி சேதிராயருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. “பிரபு, எல்லோரும் ஒரே தரம், எவருக்கும் தனி ஏற்பாடு கூடாது என்பது தங்கள் ஆணை. அதையே பழிக்கிறான்.”

“வாய்ப்பேச்சு வேண்டாம். அந்தக் குறை என் உடம்பில் உறைக்கும்படி இன்றே காட்டு. இல்லையேல் நாட்டைவிட்டுப் போ” என்றார் அரசர்.

நல்லகுற்றாலம் நேரே பல்லக்குக் கொட்டகைக்குப் போனான்.

“ஏலே மாசானம், அந்தத் துணியக் கொடு.”

“ஐயோ, பல்லக்கு சாயுமே! என் தோல உரிச்சிருவாக.”

“உரிச்சா என் தோல உரிக்கட்டும். கொடுடே.”

மாலையில் அரசர் உலா கிளம்பினார். பத்தடி போகுமுன் பல்லக்கு சரிந்தது. உருண்ட அரசர், பக்கத்தில் நடந்த சேதிராயர் மேல் விழுந்தார்.

“இடுப்பு போயிற்றே! யார் வேலை இது?” என்று அலறினார் அரசர்.

“தங்கள் ஆணைதான், மகாராஜா” என்று முன்னே வந்தான் நல்லகுற்றாலம். “தோளுக்குத் தோள் தனித்துணி கூடாதே! நம் பழைய காசு இந்தத் துணி மாதிரி. உப்பு விற்காத வருஷம் அதன் மதிப்பைக் குறைப்பீர்கள். மலைநாட்டான் காசுக்கு ஒரு மூட்டை கூடுதலாகக் கிடைக்கும். வண்டி கட்டி வருவான். இப்போது காசு மூவருக்கும் பொது, தாங்கள் மட்டும் குறைக்க முடியாது. குறைப்பதற்குக் கூலி மட்டும்தான் இருக்கிறது.”

“துணியில்லாமல் பல்லக்கு நேராகப் போகாதா?”

மாசானம் முந்திக்கொண்டான். “போகும் சாமி. நெட்டையனுவ முழங்கால மடக்கி நடக்கணும். நடக்க மாட்டானுவ, வலிக்கும்லா.”

அரசர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தூசியைத் தட்டியபடி சேதிராயரும் சிரித்துவைத்தார்.

மாசானத்துக்குத் துணி திரும்பியது. நல்லகுற்றாலத்துக்கு முத்துமாலை, அதை விற்று உப்பளத்தாருக்கு அரிசி வாங்கிப் போட்டான், பத்து நாள் வந்தது. நொடித்த நாட்டுக்கு நல்ல விளைச்சல் கண்ட நாடு கைகொடுக்க வேண்டும் என்று மலைநாட்டுக்கு அரசர் ஓலை அனுப்பினார். யோசிக்கிறோம் என்று பதில் வந்தது.

வாரிய உப்புக்கு, அறுபது குடும்பங்களுக்கு நாலு மாதக் கூலி அரசர் தரவேண்டும். இன்னும் தரவில்லை.