சுருங்கிப்போன சிவப்பு இலந்தை

"காரம், காரம், எப்போது பார்த்தாலும் காரம். உன் பக்கத்தில் உட்கார்ந்தால் என் தோல் கெட்டுப்போகும்" என்று சிவப்பு இலந்தைப்பழம் இஞ்சியிடம் அன்றைக்கு நாலாவது முறையாகச் சொன்னது.

"கெடட்டுமே. தோலைத் தவிர உன்னிடம் வேறென்ன இருக்கிறது?" என்றது இஞ்சி.

பழமும் கிழங்கும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், வடசீனத்து மலையூர் ஒன்றில், ஷுஃபன் என்ற வைத்தியச்சியின் வீட்டு அலமாரியில் நடந்த சண்டை இது. இலந்தையின் தோல் அப்போது கண்ணாடி மாதிரி இருக்கும். ஷுஃபன் தினமும் அதில் முகம் பார்த்துத்தான் தலை வாருவாள். பிறகு கர்வம் வராமல் என்ன செய்யும்?

ஷுஃபன் கெட்டிக்காரி. பனி விழத் தொடங்கியதும், "சீக்கிரம் படுங்கள், வெயில் ஏறியபின் எழுந்திருங்கள். உடம்புச் சூட்டை வியர்வையில் வீணாக்காதீர்கள்" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வருவாள். ஊரே கேட்டது. விறகுவெட்டி கோ மட்டும் கேட்கவில்லை. வியர்வை வழிய விறகு வெட்டிவிட்டு, பனியில் நின்று பஞ்சுச் சட்டையை அவிழ்த்துக் காற்று வாங்கினான். பெண்பிள்ளை சொல்லி அவன் ஏன் கேட்க வேண்டும்?

மூன்றாம் நாள் அவன் மனைவி யூலான் அவனைச் சறுக்குப்பலகையில் கிடத்தி இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, பல் கிட்டிவிட்டது. கால் கல்லு மாதிரி சில்லிட்டுக் கிடக்கிறது."

ஷுஃபன் இஞ்சியில் பாதியை நசுக்கிக் கொதிக்கவைத்துப் புகட்டினாள். நடுக்கம் குறைந்தது. ஆனால் மூன்று நாள் காய்ந்த வயிறு காரம் தாங்காமல் எரிந்து, குடித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

"இன்னும் ஒரு கிண்ணம் வயிற்றில் தங்கினால் பிழைப்பான். தங்காவிட்டால்..." என்றாள் ஷுஃபன். மிச்ச இஞ்சியையும் நசுக்கிப் பானையில் போட்டாள்.

"கொஞ்சம் காரத்தைக் குறைத்துக்கொள்ளேன்" என்றது இலந்தை.

"குறைத்தால் குளிர் போகுமா? வயிற்றைத் தணிக்கிற இனிப்பு உன்னிடம்தான் இருக்கிறது. அதைத் தோலுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு எனக்கு உபதேசம்."

 யூலான் கணவனின் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்த இலந்தை, அலமாரி விளிம்பிலிருந்து கொதிக்கும் பானைக்குள் குதித்தது.

தோல் வெடித்துத் தித்திப்பு முழுக்கக் கஷாயத்தில் இறங்கியது. கோ குடித்தான். தங்கியது. காதுமடல் சிவந்து, கண் திறந்து, "பசிக்கிறது" என்றான். யூலான் அவனை நாலு திட்டு திட்டிவிட்டு அழுதாள்.

"உன்னிடம் இருப்பது தோல் மட்டும்தான் என்று நினைத்தேன்" என்றது இஞ்சி. அதன் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

அன்று சுருங்கியதுதான் இலந்தையின் தோல், பிறகு விரியவே இல்லை. குளிர்காலக் கஷாயத்தில் இஞ்சியைத் தனியே விடாமல் இலந்தையையும் சேர்த்துப் போடுவது அங்கே அன்றைக்குத் தொடங்கிய வழக்கம். எல்லோரும் கிண்ணத்தோடு நோயாளியைச் சுற்றி நிற்க, பானையின் அடியிலிருந்து இலந்தை இன்றும் முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது:

"ஷுஃபன், இன்னும் ஒரே ஒருமுறை என்னைப் பார்த்துத் தலை வாரிக்கொள்ளேன்."