குணபாலனின் ஆறு நிமிடம்

குணபாலன் அறுபத்தொரு வயதில் முதல் தடவை எம்.எல்.ஏ. ஆனார். அதற்கு முன்பு என்ன செய்தார் என்பது நமக்கு வேண்டாம்.

பத்து மாதம் சபையில் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு பேச முறை வந்தது. நெடுஞ்சாலைத் துறை மானியக் கோரிக்கை விவாதம். அவருக்கு ஆறு நிமிடம். முடிந்தால் மணி அடிக்கும், மைக் நின்றுவிடும். விட்டால் அடுத்த வருடம்தான்.

பேச்சை எழுதி எடுத்துக்கொண்டு அமலோற்பவத்திடம் போனார். அந்தம்மாள் பக்கத்துத் தொகுதியில் ஒரு தடவை உறுப்பினராக இருந்தவர். அதே கட்சி. இப்போது கடைத்தெருவில் தையல் கடை. குணபாலனைவிட ஒன்பது வயது சின்னவர். ஆனாலும் தனக்கு முன்பே சபைக்குப் போனவர் என்பதால் குணபாலன் அவரை அக்கா என்றார். அவர் இவரை அண்ணே என்றார். இருவரும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

"அக்கா, நல்லாப் பேசணும். எப்படின்னு சொல்லுங்க."

"அவசர ஜாக்கெட் ஒண்ணு இருக்கு. படிங்க, கேட்டுக்கிட்டே வேலையைப் பார்க்கிறேன்."

படித்தார். நல்ல குரல். கட்சித் தலைவரை வணங்கினார். தலைவரை மலை என்றார், கடல் என்றார், கடைசியில் தாய் என்றார். அமைச்சரை வணங்கினார். கொறடாவை வணங்கினார். தனக்கு ஓட்டுப் போட்ட மக்களை வணங்க வாயெடுத்தபோது அமலோற்பவம் மர ஸ்கேலால் மேசையில் தட்டினார்.

"என்னக்கா?"

"மணி."

"இன்னும் தொகுதிக்கே வரலையே."

"தெரியுது."

பெரிய கத்தரிக்கோலை அவர் பக்கம் தள்ளினார்.

"நீளம்னா வெட்டணும். வெட்டுங்க."

குணபாலன் காகிதத்தைப் புரட்டினார். யோசித்தார். ஒரு பட்டையை நறுக்கினார். அது தரையில் துணித் துண்டுகளோடு விழுந்தது. மறுபடி படித்தார். மறுபடி ஸ்கேல் தட்டியது.

மறுபடி வெட்டினார்.

ஜாக்கெட் வாங்க வந்த பெண் வாசலில் நின்று பார்த்தாள்.

"என்னக்கா, எம்.எல்.ஏ.வுக்குத் தையல் சொல்லித் தர்றீங்களா?"

"இன்னும் அவ்வளவு தூரம் போகலை. வெட்டுறதுதான் நடக்குது. நீ சாயங்காலம் வா."

ஐந்தாவது தடவை ஸ்கேல் தட்டவில்லை. பேச்சு முடிந்து, கும்பிட்டு உட்காரவும் நேரம் இருந்தது. குணபாலன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கச்சிதமா வந்துடுச்சுக்கா."

அமலோற்பவம் குனிந்து தரையில் கிடந்த காகிதப் பட்டைகளைப் பொறுக்கினார். நாலு. மேசையில் வரிசையாக வைத்து நீவிவிட்டார். ஒவ்வொன்றாகப் படித்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போற ரோடு. பள்ளிக்கூட வாசல்ல வேகத்தடை. பஸ் நிக்கிற இடம்."

நாலாவதை விளக்குப் பக்கம் பிடித்தார்.

"வடபாதிக்குறிச்சித் தரைப்பாலம். இதையுமா வெட்டிட்டீங்க?"

"'தொகுதியின் பிற தேவைகள்'னு ஒரு வார்த்தை போட்டிருக்கேன்கா. அதுல அடங்கிடும்."

"தலைவர் பக்கம் ஒரு துண்டுகூடக் கீழே விழலையே."

"அதுல எப்படிக்கா கை வைக்கிறது? பேசி முடிச்சதும் மேல அதைத்தான் முதல்ல கேட்பாங்க. அடுத்த தடவை எனக்குச் சீட்டு வேணாமா?"

அமலோற்பவம் பட்டையைக் கீழே வைக்கவில்லை.

"இந்தப் பாலத்துல என்ன விசேஷம்?"

குணபாலன் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஐப்பசியில பாலத்துக்கு மேல தண்ணி போச்சு. பால்காரர் ஒருத்தர். சைக்கிளோட அடிச்சுட்டுப் போயிடுச்சு. ரெண்டு நாள் கழிச்சுத்தான் கிடைச்சார். துக்கம் கேட்கப் போனேன். அவர் சம்சாரம் பச்சையம்மாள்கிட்ட, இதைச் சபையிலே சொல்றேம்மான்னு சொல்லிட்டு வந்தேன்."

"அப்புறம்?"

"எங்க பார்த்தாலும் அந்தம்மா ஒண்ணே ஒண்ணு கேட்கும். சொல்லிட்டீங்களாய்யா? அவ்வளவுதான். அழாது. திட்டாது. திட்டினாக்கூடத் தேவலை."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"இப்ப அந்தப் பக்கமே போறதில்லக்கா. பைபாஸ்ல சுத்திப் போயிடறேன். எட்டு கிலோமீட்டர் கூட ஆகுது."

மேசையில் கிடந்த பேச்சை ஒழுங்காக அடுக்கினார். பிறகு கேட்டார்.

"நீங்க பேசினப்ப எப்படிக்கா? தலைவருக்கு எத்தனை நிமிஷம் கொடுத்தீங்க?"

"வணக்கம்னேன். எங்க ஊர் ஆத்துக்கரை உடைஞ்சு கிடக்குதுன்னேன். எத்தனை அடி, எத்தனை வீடு, யார் யார் வீடுன்னு சொன்னேன். மணி அடிச்சுது. உட்கார்ந்துட்டேன்."

"கரையைக் கட்டினாங்களா?"

"இல்லை."

"சீட்டு?"

"அடுத்த தடவை வேற ஆளுக்குப் போச்சு."

குணபாலனுக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்தே நின்றுவிட்டார்.

"கரையும் வரலை, சீட்டும் போச்சு. அப்படிப் பேசி என்னதான்கா கண்டீங்க?"

அமலோற்பவம் துணியை ஊசிக்குக் கீழே வைத்தார்.

"சபை முடிஞ்சதும் பகல் பஸ்லயே ஊருக்குப் போனேன் அண்ணே. கரை உடைஞ்ச இடத்துலதான், அந்த வீட்டுக்காரங்க முன்னாலேயே இறங்கினேன்."