வடகடல் பூச்சிகள்

“முப்பத்துமூண்டு வருசம், தங்கச்சி. இண்டைக்கும் கண் முழிச்சால் பேசாலைக் கரையிலதான் முழிக்கிறன். இதுக்கு ஒரு வழி சொல்லுங்கோ” என்றார் செபமாலை.

நம்புத்தாய் கடற்பாசியை உதறிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு அறுபத்துமூன்று வயது. இலங்கைச் சண்டைக் காலத்தில் மன்னார்ப் பக்கம் பேசாலையிலிருந்து படகேறி வந்து, மண்டபம் அகதி முகாமில் தங்கியவர். அவளுக்கு நாற்பது. கடலில் முங்கிப் பாசி எடுத்துப் பிழைப்பவள். யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. கேட்டால் ஒரு வார்த்தை சொல்வாள், சில நாள் அதுவும் கிடையாது. அதனாலேயே அவளைத் தேடி ஆள் வரும். அதிகம் பேசாதவர்கள் மேல் நமக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

செபமாலையின் ஏக்கம் முகாமுக்கே தெரியும். வீட்டின் பின்சுவரை இடித்துக் கிழக்கே ஒரு கதவு வைத்தவர் அவர். கிழக்கே கடல், கடலுக்கு அந்தப் பக்கம் பேசாலை. அடைமழையில் தண்ணீர் அந்தக் கதவு வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். மகள் சுகிர்தா சாக்கைப் போட்டு அடைப்பாள். மழை விட்டதும் அவர் எடுத்துவிடுவார்.

இப்போது அவர் சட்டைப்பையில் ஒரு மனு இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போகிறவர்கள் எழுதிக் கொடுக்கும் மனு. இரண்டு பேர் பெயரையும் எழுதிவிட்டார். மகள் கையெழுத்துப் போடவில்லை.

“மாட்டன் எண்டுறாள். இங்க பிறந்த பிள்ளை. ஒருக்கா ஊரைக் காட்டினால் போதும், அவளுக்கும் பிடிச்சுப்போகும். நீங்க ஒரு புத்தி சொல்லுங்கோ.”

“வாங்கண்ணே” என்றாள் நம்புத்தாய்.

அவர்கள் நின்றது வடகடல் கரை. அலை ஒதுக்கிய பாசிக் குவியலை அவள் புரட்டினாள். அடியில் அரிசி அளவுப் பூச்சிகள் நாலாப் பக்கமும் துள்ளின. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் அள்ளிக் கையால் மூடிக்கொண்டாள்.

மண்டபம் ஒடுங்கின ஊர், வடக்கும் தெற்கும் கடல். ரயில் பாதையைத் தாண்டி நடந்தால் தென்கடல். அங்கே தண்ணீருக்குப் பத்தடி தள்ளி, காய்ந்த மணலில் சிரட்டையைக் கவிழ்த்தாள்.

பூச்சிகள் துள்ளின. எல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வடக்கே, சுடுமணலைப் பார்த்து.

“ஐயோ, தண்ணி இஞ்சால கிடக்கு!” செபமாலை குனிந்து நாலைந்தைத் திருப்பி விட்டார். அவை மறுபடி வடக்கே திரும்பின. மறுபடி திருப்பினார்.

“விசர் பிடிச்சதுகள்! கண்ணுக்கு முன்னால கடல் கிடக்கு, தெரியேல்லையா?”

சொன்னவர் அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதார்.

“வடகரைல பொறந்ததுகண்ணே. அங்க கடல் வடக்க. எங்க கொண்டாந்து விட்டாலும் சூரியனப் பாத்துட்டு வடக்கதான் ஓடும்.”

அவை காய்ந்து சாவதற்குள் அவள் பொறுக்கிச் சிரட்டையில் போட்டாள். ஒன்றை மட்டும் அவர் உள்ளங்கையில் வைத்தாள். அதன் வயிறு பருத்திருந்தது.

“வயித்துல பை இருக்கு. முட்டையப் பைக்குள்ளயே வச்சுச் சொமக்கும். இத நீங்க வளத்துப் பாருங்க.”

அந்தத் தென்கரையிலேயே ஒரு அகலச் சட்டியைப் புதைத்தார்கள். உள்ளே மணல், மேலே பாசி.

“தெனம் தண்ணி ஊத்தணும். கடல் பக்கத்து ஓரத்துல மட்டும்.”

அவர் தினமும் வந்தார். மாதா கோயில் மணிக்குக் கூட அவ்வளவு ஒழுங்காக அவர் எழுந்ததில்லை. குஞ்சுகள் பையை விட்டு இறங்கிய அன்று முகாமில் நாலு வீட்டுக்குப் போய்ச் சொன்னார். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து நம்புத்தாய் சட்டியைத் தோண்டியெடுத்தாள். அதே இடம், அதே வெயில். மணலோடு கவிழ்த்தாள்.

தாய் வடக்கே துள்ளியது.

குஞ்சுகள் தெற்கே, நேரே தண்ணீரைப் பார்த்துத் துள்ளின. ஈரமணலை எட்டியதும் உள்ளே புதைந்துகொண்டன.

செபமாலை இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

“தாயைத் திரும்பியும் பாக்காமப் போகுதுகளே. இந்தக் கடலை அதுகளுக்கு ஆர் காட்டினது?”

“தெனம் தண்ணி ஊத்துனது யாருண்ணே?”

குஞ்சுகள் புதைந்த ஈரமணலை அவர் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு சுடுமணலில் ஓய்ந்துபோய்க் கிடந்த தாயை எடுத்து, ஒரு கொத்து ஈரப்பாசியில் பொதிந்துகொண்டார்.

“இது?”

“வடகரைக்குப் போற வழி ஒங்களுக்குத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டு அவள் முங்கப் போய்விட்டாள்.

அவர் ரயில் பாதையைத் தாண்டி நடந்தார். வடகரையில் பாசிக் குவியலைத் தூக்கித் தாயை விட்டார். அது ஒரே துள்ளில் உள்ளே போய்விட்டது. அது தன் வீடு வந்து சேர்ந்துவிட்டது, சந்தோசப்பட வேண்டியதுதான். செபமாலை தென்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மரங்கள்தான் தெரிந்தன. அப்படியும் பார்த்துக்கொண்டே நின்றார்.

வீட்டுக்கு வந்தபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சுகிர்தா கிழக்குக் கதவை அடைக்கச் சாக்கை எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் மனுவை எடுத்து, மகளின் பெயரைக் கோடு போட்டு அடித்தார். அவளிடம் நீட்டினார்.

அவள் படித்தாள். எத்தனையோ நாள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் கண் நிறைந்துவிட்டது.

“ஊரில வீட்டைத் திருத்திக் கட்டேக்குள்ள பின்னுக்கு ஒரு கதவு வைக்கவேணும்” என்றார்.

“எந்தப் பக்கம்ப்பா?”

“மேற்க. இஞ்ச பாத்து.”

சுகிர்தா கையிலிருந்த சாக்கைக் கீழே போட்டாள்.

“அங்க சாக்குப் போட்டு அடைக்க ஆள் இருக்காதேப்பா. மழை உள்ள அடிக்குமே.”

“அடிக்கட்டும்” என்றார் செபமாலை.