பேராச்சியின் சிவப்புப் புள்ளிகள்

“ஒண்ணுமே இல்ல, குருவே. ஒரு புள்ளிகூட இல்ல” என்றார் டாக்டர் தாணு.

தாணுவுக்கு வயது ஐம்பத்து நான்கு. குரு ஜெபக்கனிக்கு இருபத்தொன்பது.

ஜெபக்கனி ஆய்வக டெக்னீஷியன். மரபணுவைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு ஒளிவிடும் சாயம் ஒன்று உண்டு. அதைக் கையாளும் வித்தை அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குத்தான் கைவந்திருந்தது. கற்றுக்கொடு என்று போய் நின்ற டாக்டர், அன்றைக்கே அவளைக் குருவே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கேலி பாதி, மெய் பாதி.

வார்டில் பேராச்சி காத்திருந்தாள். மார்பில் கட்டி. அதன் செல்களில் குறிப்பிட்ட ஒரு மரபணு பெருகிக் கிடந்தால், அவளுக்கென்றே ஒரு நல்ல மருந்து இருக்கிறது. பெருகவில்லை என்றால் அந்த மருந்தால் பயனில்லை. ஸ்லைடில் ஒட்டிய துளித் திசுவில், மரபணு இருக்கும் இடமெல்லாம் சிவப்பாக மின்ன வேண்டும்.

மின்னவில்லை. மூன்று முறை பார்த்தாயிற்று. மருந்து கிடையாது என்று எழுதப் பேனாவை எடுத்தார். கை வரவில்லை.

ஜெபக்கனி ஸ்லைடைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“சார், பேராச்சியக்காவுக்கு அம்மா அப்பா உண்டா?”

தாணுவுக்கு எரிச்சல். பின்னே, வானத்திலிருந்தா குதித்தாள் என்றார்.

“அப்ப கட்டிய விடுங்க. பக்கத்துல இருக்க நல்ல செல்லப் பாருங்க.”

தாய் கொடுத்த மரபணு ஒன்று, தகப்பன் கொடுத்தது ஒன்று. நல்ல செல்லில் இரண்டு புள்ளி இருந்தே ஆகவேண்டும். பார்த்தார். அங்கேயும் கும்மிருட்டு.

தலையில் அடித்துக்கொண்டார். கோளாறு அவர் கைவேலையில்தான். துளியூண்டு திசுவாயிற்றே, கெட்டுப்போகுமே என்று இரக்கப்பட்டு, சாயம் ஏற்றும்போது சூட்டைக் குறைத்திருந்தார். சூடு பட்டால்தான் முறுக்கிக் கிடக்கும் மரபணு இழை பிரியும். பிரிந்தால்தான் சாயம் ஒட்டும்.

மீதித் திசுவில் மறுபடி செய்தார். சூட்டில் தாட்சண்யம் காட்டவில்லை.

மறுநாள் பார்த்தால், நல்ல செல்களில் இரண்டிரண்டு புள்ளி. கட்டியின் செல்களிலோ எண்ணி மாளவில்லை. மாதுளையைப் பிளந்து வைத்ததுபோல் ஒரே சிவப்பு.

அப்படி ஒரு சந்தோஷம் தாணுவுக்குப் படித்துப் பட்டம் வாங்கிய நாளில்கூட வந்ததில்லை. ஜெபக்கனியை அழைத்துக் காட்டினார். அவளும் உற்றுப் பார்த்துத் தலையாட்டினாள்.

“அடுத்து நான் என்ன கத்துக்கணும், குருவே?”

“ஓடக் கத்துக்கிடுங்க சார். வார்டு மூணாவது மாடி. அக்கா வாசலையே பாத்துக்கிட்டு இருக்காவ.”