உப்புத்தாள் பட்ட தங்கம்

கடலோர ஊர் ஒன்றின் மாதா கோயிலில் பதினோரு வருஷமாக மைக் செட் பார்ப்பவர் வியாகப்பன். வயது ஐம்பத்தாறு. அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்த டெல்பின் டீச்சருக்கு முப்பத்தெட்டுதான். அதனால் என்ன, குரு குருதான்.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில் மைக்கும் ஒயருமாக டீச்சரின் ரிப்பேர் கடைக்குள் அரக்கப்பரக்க நுழைந்தார் வியாகப்பன். முகத்தில் ஈயாடவில்லை.

"டீச்சர், மானம் போச்சு. போன ஞாயிறு பிரசங்கத்துல பாதி கரகரன்னே போச்சு. நாளைக்கும் இப்படின்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்னு சாமியார் சொல்லிட்டாரு."

"என்னத்த மாத்துனீங்க?"

"மைக் ஒயர் பின்னுதான். செம்பக் கழட்டிட்டு தங்க முலாம் போட்டத மாட்டுனேன். ஒரு மாசம்கூட ஆகல. கடைக்காரன் போலியத் தலையில கட்டிட்டான். நீங்க சொல்லுங்க, செம்பா தங்கமா, எது நல்லது?"

டீச்சர் கையை நீட்டினார். ஒரு பின்னை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முனையில் தங்கம் திட்டுத் திட்டாகப் போயிருந்தது.

"சனிக்கிழமை என்ன செஞ்சீங்க?"

"எப்பவும் செய்யிறதுதான். ஆளில்லாத நேரமாப் போயி உக்காந்து, ஒவ்வொரு பின்னையும் உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். கடக்காத்து சும்மா விடுமா? ஒரு வாரம் போனா செம்பு பச்சை பூத்துரும்லா?"

"இது செம்பா?"

வியாகப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். பாவம் அந்தக் கடைக்காரன், வழியெல்லாம் இவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

"பழைய பின்னு இருக்கா?"

இருந்தது. தூக்கிப் போட மனம் வராமல் பையிலேயே வைத்திருந்தார்.

"நீங்களே மாட்டுங்க."

அவர் உட்கார்ந்தார். பச்சை போகத் தேய்த்தார், ஈயம் வைத்துப் பற்றவைத்தார், மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"அருள் நிறைந்த மரியே..."

ஒரு கரகரப்பு இல்லை. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அப்ப செம்புதான் நல்லதா டீச்சர்?"

"தங்கமும் நல்லதுதான். கை வைக்காம விட்டா வருஷக்கணக்கா கெடக்கும்."

"அப்ப நான் எத வச்சிக்கிட?"

"செம்புன்னா நீங்க வாராவாரம் போயி உக்காந்து தேய்க்கணும். தங்கம்னா சும்மா விட்டுறணும். சனிக்கிழமை சாயங்காலம் நீங்க வீட்ல சும்மா இருந்துருவீங்களா, அண்ணே?"