வெள்ளை படாத கோடு

ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு இந்தக் கதைக்குள் வாருங்கள். கணக்கு வராது என்று நழுவப் பார்ப்பவர்களை நான் விடுவதாக இல்லை.

ஓர் அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர் அருளப்பன். ‘இதைவிடச் சிறியது, இதைவிடப் பெரியது’ என்று வரும் அசமன்பாடுகளை நடத்த அவருக்கென்று ஒரு வழி இருந்தது. எண்கோட்டுக்கு மேலே முதல் நிபந்தனைக்குச் சிவப்பு அம்பு, இரண்டாவதற்கு நீல அம்பு போடுவார். நடுவில் ‘மேலும்’ என்று இருந்தால், இரண்டு நிறமும் சேர்ந்து ஓடும் இடத்தில் மட்டும் கோட்டின்மேல் வெள்ளைச் சாக்பீஸால் அழுத்தி இழுப்பார். ‘அல்லது’ என்றால் ஏதாவது ஒரு நிறம் இருந்தாலே வெள்ளை உண்டு.

அந்த ஆண்டு சென்னையில் நடந்த கணித முகாமில் அந்தப் பள்ளிக்கு ஒரே ஓர் இடம். சுதாகர், நிலோபர், தெய்வானை மூவரும் சம மதிப்பெண்ணில் நின்றார்கள். தெய்வானை இந்த முகாமை நினைத்து ஆறு மாதமாக மதிய இடைவேளையில்கூட நோட்டை மூடியதில்லை. ஒரே கேள்வியில் முடித்துவிடலாம் என்று அருளப்பன் கரும்பலகையில் எழுதினார்:

2x + 1 < 7, மேலும் x − 3 > 5.

மூவரும் 3, 8 என்ற இரண்டு எண்களைக் கண்டுபிடித்து, அந்த எண்கள் விடையில் சேராது என்று காட்ட அங்கே வெற்று வட்டம் போட்டார்கள். அதற்கப்புறம்தான் வழி பிரிந்தது. சுதாகர் 3க்கும் 8க்கும் நடுவில் தடித்த கோடு இழுத்தான். வகுப்பில் போட்ட ‘மேலும்’ கணக்கெல்லாம் அதுவரை நடுவில்தான் முடிந்திருந்தன. நிலோபர் 3க்கு இடப்பக்கத்தையும் 8க்கு வலப்பக்கத்தையும் தடித்துக் காட்டினாள். தெய்வானை சிவப்பு அம்பை இடப்பக்கமும் நீல அம்பை வலப்பக்கமும் போட்டுவிட்டு, கோட்டைத் தொடாமலே தாளை நீட்டினாள்.

அருளப்பன் தன் விடைக்குறிப்பை வைத்துத் திருத்தி, சுதாகருக்குத்தான் இடம் என்றார். தெய்வானை எழுந்து கரும்பலகையைக் காட்டினாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எழுதும்போது இரண்டு குறிகளையும் திருப்பிப் போட்டிருக்கிறார். மனிதர் அதை ஒப்புக்கொள்ளவும் செய்தார். ஆனால் தான் நினைத்த கணக்குக்குச் சுதாகரின் விடை சரிதானே என்று விடாமல் நின்றார். தெய்வானை வேலையை முடிக்கவே இல்லை, எங்கேயாவது இழுத்துக் காட்டட்டும் என்று வெள்ளைச் சாக்பீஸை நீட்டினார்.

அவள் கை நீட்டவில்லை.

“மூணுக்குக் கீழயும் இருக்கணும், எட்டுக்கு மேலயும் இருக்கணும். அப்படி ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க சார், இழுக்கறேன். இல்லன்னா இந்தக் கோடு இப்படியேதான் இருக்கும்.”

இவளுக்கு வாய் நீளம் என்று அவர் மூன்று தாள்களையும் தலைமையாசிரியையிடம் கொண்டுபோனார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஆசிரியர் மனதில் இருந்ததைப் போட்டவன், இரண்டு பக்கமும் நிரப்பியவள், எதையும் நிரப்பாதவள். இவர்களில் முகாமுக்குப் போக வேண்டியவர் யார்?

விடை: தெய்வானை. கரும்பலகையில் இருப்பதுதான் கேள்வி. ஆசிரியர் மனதுக்குள் இருப்பதற்கு மாணவர் பொறுப்பில்லை. சுதாகரின் நடுப்பகுதியிலிருந்து 5ஐ எடுத்துப் போட்டுப் பாருங்கள், இரண்டு நிபந்தனையும் தவறும். நிலோபர் போட்டது ‘அல்லது’வுக்கான விடை. சிவப்பும் நீலமும் எங்கும் சேராதபோது வெறும் கோடுதான் முழு விடை. தலைமையாசிரியையும் அப்படியே சொல்லிவிட்டார். மறுநாள் அருளப்பன் அதே கணக்கை வகுப்பில் போட்டு, சிவப்பையும் நீலத்தையும் இழுத்தார். பிறகு தெய்வானையை ஒருமுறை பார்த்துவிட்டு, வெள்ளைச் சாக்பீஸைப் பெட்டியில் வைத்து மூடினார்.